கொதிக்காமலே ஆவியாகும் தண்ணீர்

"தண்ணீர் 100 டிகிரியில்தானே கொதிக்கும்? வெளியே 32 டிகிரிதான் இருக்கிறது. அப்புறம் கொடியில் போட்ட ஈரத்துணி எப்படிக் காய்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். அருமையான கேள்வி.

திடப்பொருளில் துகள்கள் இருந்த இடத்திலேயே அதிரும், திரவத்தில் ஒன்றையொன்று பற்றியபடி நழுவும், வாயுவில் பிடி விட்டுப் பறக்கும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஆனால் பாடப்புத்தகப் படங்களைப் பார்த்தால் எல்லாத் துகளும் ஒரே வேகத்தில் ஓடுவதுபோலத் தோன்றும். உண்மை அப்படியல்ல. வெப்பநிலை நமக்குச் சொல்வது சராசரியை மட்டும்தான். 30 டிகிரியில் நீர் மூலக்கூறின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 600 மீட்டர். சில மூலக்கூறுகள் ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கும். வெகு சில, இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாயும். அப்படிப்பட்ட ஒன்று மேற்பரப்பில் வெளிப்பக்கம் பார்த்துப் பாய்ந்தால், பக்கத்து மூலக்கூறுகளின் இழுவையை அறுத்துக்கொண்டு போய்விடும். ஆவியாதல் என்பது இதுதான். துணி காய இது போதும். கொதித்தல் வேறு: அங்கே திரவத்தின் உள்ளேயே குமிழிகள் பிறக்க வேண்டும்.

போவது வேகமானவை என்பதுதான் இதில் முக்கியம். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் மட்டும் பள்ளி மாறிப் போனால் வகுப்பின் சராசரி இறங்குவதுபோல, மிஞ்சிய நீரின் சராசரி ஆற்றல் இறங்குகிறது, நீர் குளிர்கிறது. மண்பானையைத் தொட்டால் வெளிப்புறம் ஈரமாகக் கசிந்திருக்கும். வேலை நடப்பது அங்கேதான். 30 டிகிரியில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் தேவை. 10 லிட்டர் பானையில் 200 மில்லி ஆவியானாலே, வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராத பட்சத்தில், மீதி நீர் சுமார் 12 டிகிரி குளிர்ந்துவிடும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால், போகிற மூலக்கூறுகளுக்கு ஈடாகத் திரும்பி வருபவையும் இருக்கும். மதுரையில் கைகொடுக்கும் பானை சென்னைப் புழுக்கத்தில் திணறுவது அதனால்தான்.

சரி, வேகமானவை எல்லாம் போய்விட்டால் ஆவியாதல் நின்றுவிட வேண்டாமா? நிற்காது. மிஞ்சியவை ஓயாமல் மோதிக்கொள்கின்றன. ஒவ்வொரு மோதலிலும் ஒன்று வேகம் இழக்க, இன்னொன்று வேகம் பெறுகிறது. வேகமானவர்களின் வரிசை மறுபடி நிரம்புகிறது, மறுபடி காலியாகிறது. எனக்கு இயற்பியலில் மிகப் பிடித்த இயக்கம் இது.

இதே இயக்கம் பொருளின் இன்னொரு நிலைக்கே வழி திறந்தது. 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஒளித்துகள்களைப் பற்றி எழுதி அனுப்பிய கட்டுரையின் கணக்கை ஐன்ஸ்டைன் அணுக்களுக்கும் விரித்தார். போதிய அளவு குளிர்ந்தால் அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில், தனித்தனியே இல்லாமல் ஒரே பொருள்போல, ஒன்றுசேரும் என்று கணித்தார். அது கைகூடச் சுமார் 70 ஆண்டுகள் ஆயின. 1995இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னலும் கார்ல் வீமனும் ருபிடியம் அணுக்களை லேசரால் குளிர்வித்துக் காந்தப் பொறியில் அடைத்தார்கள். லேசர் மட்டும் போதவில்லை. பொறியின் விளிம்புவரை ஏறி வரும் வேகமான அணுக்களை ரேடியோ அலையால் வெளியே தள்ளினார்கள். மற்றவை மோதித் தமக்குள் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்ளும்வரை காத்திருந்தார்கள். பிறகு விளிம்பை இன்னும் தாழ்த்தினார்கள். மண்பானை செய்யும் அதே வேலை! தனிச்சுழிக்கு, அதாவது வெப்பநிலை அதற்குக் கீழே இறங்கவே முடியாத எல்லைக்கு, மேல் ஒரு டிகிரியின் கோடியில் இரண்டு பங்கு அளவில்தான் வெப்பநிலை இருந்தது. சுமார் 2,000 அணுக்கள், ஐன்ஸ்டைன் கணித்தபடி ஒன்றுசேர்ந்து, போஸ்-ஐன்ஸ்டைன் கன்டன்சேட் என்ற அந்தப் புதிய நிலையை அடைந்தன. 2001இல் வொல்ஃப்காங் கெட்டர்லேவுடன் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

"இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்கு நிதி மறுப்பது பெரும் தவறு என்றே நினைக்கிறேன். 1924இல் அந்தக் கேள்விக்கு போஸிடம் என்ன பதில் இருந்திருக்கும்? 2018இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட குளிர் அணு ஆய்வகம் இன்று அதே கன்டன்சேட்டைச் சுற்றுப்பாதையில் உருவாக்குகிறது. அங்கும் கடைசிக் கட்டக் குளிர்விப்பு, வேகமான அணுக்களை வெளியேற்றித்தான்.