பழைய பின்பால் இயந்திரத்துக்குள் எண்ணெய் அடிக்காதீர்கள்

சாய்வான கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்புப் பந்தைத் தட்டி உருட்டிப் புள்ளி சேர்க்கும் விளையாட்டுதான் பின்பால். அமெரிக்காவில் அதன் பழைய இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன் நான். ஒரே வகைச் சேதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பொறுமை இழந்த நிலையில் இதை எழுதுகிறேன். அண்மையில் பட்டறைக்கு வந்த 1970-களின் இயந்திரம் ஒன்றில், ஆடுகளப் பலகையைத் தூக்கியவுடன் மண்ணெண்ணெய் வாடைதான் முகத்தில் அடித்தது. பந்தைத் தட்டிவிடும் சிறு துடுப்புகளான ஃபிளிப்பர்கள் வலுவிழந்திருந்ததால், வாங்கியவர் துருநீக்கும் ஸ்ப்ரேயை ஒரு டப்பா முழுவதும் உள்ளே அடித்திருக்கிறார். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புத் தண்டை இழுத்து ஃபிளிப்பரை இயக்கும் கம்பிச்சுருள்களான காயில்களுக்குள் கறுத்த பசை சேர்ந்திருந்தது. மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்சுகளான ரிலேக்களின் தொடுமுனைகள் அனைத்திலும் எண்ணெயும் தூசியும் கலந்து படிந்திருந்தன. ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்க வேண்டிய வேலை வாரக்கணக்கில் இழுத்துவிட்டது.

தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவதைப் போல இதற்கும் விடலாம் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டு நைலான் உறைக்குள் உலர்ந்த நிலையில் வழுக்கிச் செல்லும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே எண்ணெய் பட்டால் முதல் சில நாள்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டதைப் போலத் தோன்றும். பிறகு தூசியையும் தேய்ந்த உலோகத் துகளையும் பிடித்துவைத்து, கோந்தாக இறுகித் தண்டையே நிறுத்திவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து தீ. கணினிப் பலகை வராத காலத்து இயந்திரங்களில் ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் எங்கோ ஒரு தொடுமுனையில் பொறி பறக்கிறது. மரப்பெட்டிக்குள், பொறி பறக்கும் இடத்தில், எளிதில் தீப்பற்றும் திரவத்தை அடிப்பது எப்படிப்பட்ட செயல் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஃபிளிப்பர் வலுவிழப்பதற்குக் காரணம் வேறு. தண்டின் முனை அடிபட்டு அடிபட்டு நசுங்கிப் பரந்திருக்கும். நைலான் உறை தேய்ந்திருக்கும். அல்லது ஃபிளிப்பர் முழுவீச்சை எட்டும்போது திறக்கும் ஸ்விட்ச்சின் முனைகள் குழிவிழுந்து கருகியிருக்கும். உறை சொற்ப விலைக்குப் புதிதாகவே கிடைக்கிறது. பழையதைக் கழுவுவதில் நேரத்தைச் செலவிடாமல் மாற்றிவிடுங்கள். கருகிய டங்ஸ்டன் முனைகளுக்கு மெல்லிய அரம் போடலாம். ஆனால் கணினிப் பலகை உள்ள இயந்திரங்களின் பொன்முலாம் பூசிய தொடுமுனைகளுக்கு அரம் கூடவே கூடாது. முனைகளுக்கு இடையே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து, மெதுவாக அழுத்திப் பிடித்து, இழுத்தெடுத்தால் போதும். கறுப்புக் கோடு அட்டையில் வந்துவிடும். புள்ளிகளை எண்ணும் ஸ்டெப்பர் யூனிட்டின் தகடு போன்ற ஓரிரு இடங்களில், பழைய பசையைத் துடைத்தெடுத்த பிறகு, தெரிந்தும் தெரியாததுமாக உரிய கிரீஸைத் தடவுவதுண்டு. அதுவும் பழகிய கை செய்ய வேண்டியது.

வாங்கும்போதே கவனமாக இருந்தால் பாதிச் செலவு மிச்சமாகும். "ஓரங்கட்டி வைக்கும்போது நன்றாகத்தான் ஓடியது" என்று விற்பவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அதன் பிறகு உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது. 1970-களின் இறுதியிலிருந்து வந்த இயந்திரங்களில், புள்ளிகளையும் அமைப்புகளையும் நினைவில் வைக்கக் கணினிப் பலகையிலேயே பேட்டரி பொருத்தினார்கள். பாலி நிறுவனத்தின் அக்காலப் பலகைகளில் ரீசார்ஜ் செய்யும் பேட்டரியைக் கழற்ற முடியாதபடி பலகையோடு சேர்த்துப் பற்றவைத்தே விட்டார்கள். வில்லியம்ஸ் நிறுவனத்தின் பலகைகளில் மூன்று ஏஏ பேட்டரிகள் இருந்தன. கேட்பாரற்றுக் கிடந்தால் இவை கசிந்து, பலகையின் செம்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் கணினிப் பலகை இருக்கும் பின்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு தெரிந்தால் புதுப் பலகையின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். திறக்கச் சாவி இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்து, படம் வரைந்த முகப்புக் கண்ணாடி. அதன் வண்ணம் கண்ணாடியின் பின்புறத்தில் இருக்கிறது. பல்புகளின் சூட்டிலும் ஈரப்பதத்திலும் அது செதில் செதிலாக உதிரும். பின்புறத்தை ஈரத்துணியால் துடைத்தவர்கள் அரை ஓவியத்தைத் துணியோடு எடுத்திருக்கிறார்கள். 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' முதன்முதலாக மின்விசை ஃபிளிப்பர்களைக் கொண்டுவந்த காலத்திலிருந்து, இந்த நிறுவனங்கள் இருந்த சிகாகோ நகரத்து ஓவியர்கள் இந்தக் கண்ணாடிகளுக்காகவே வரைந்தார்கள். ரப்பர் வளையமும் காயிலும் இன்றும் கிடைக்கும். உதிர்ந்த அசல் வண்ணம் திரும்பாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளக்கைச் செருகும் ஆசையை அடக்குங்கள். எலி கடித்த ஒயர், கருகிய கனெக்டர், பிளவுண்ட மின்கம்பி ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அச்சிட்டுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அலுமினியத் தாள் சுற்றிய ஃபியூஸையும், குறித்ததைவிடப் பெரிய ஃபியூஸையும் நான் அடிக்கடி காண்கிறேன். ஃபியூஸ் போனால் அதற்குக் காரணமான பழுதைத் தேட வேண்டும். பெரிய ஃபியூஸைப் போட்டால் அடுத்து எரிவது காயிலோ ஒயரோதான். மிகப் பழைய இயந்திரங்களில் எர்த் இணைப்பே இல்லாத இரண்டு முள் பிளக் இருக்கும். அதை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மூன்று முள்ளாக மாற்றாமல் குழந்தைகளை அருகே விடாதீர்கள். ஸ்விட்ச்சை அணைப்பது போதாது. கையை உள்ளே விடுமுன் பிளக்கையே உருவிவிடுங்கள்.

ஏற்கெனவே ஸ்ப்ரே அடித்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்டப்போவதில்லை. இயந்திரத்தை ஓட்டாமல் அப்படியே வைத்திருந்து, என்ன ஸ்ப்ரே, எங்கெங்கே அடித்தீர்கள் என்பதை எழுதிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.