புரட்டாசி கட்லெட்டில் பருப்பு எங்கே?

புரட்டாசி பிறந்து பத்து நாள் ஆகிவிட்டால் என் அறையில் கேட்கப்படும் கேள்வியே மாறிவிடும். மதுரையில் பதினேழு வருடமாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். மற்ற மாதங்களில் "கறி வாரத்துக்கு எத்தனை நாள் சாப்பிடலாம்?" என்று கேட்பவர்கள், புரட்டாசியில் "கறியத் தொடுறதே இல்ல மேடம், அப்புறம் ஏன் சுகர் ஏறுது?" என்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐம்பத்து நான்கு வயது அம்மா ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. "நீங்களே பாருங்க மேடம், சிறுதானியக் கட்லெட். மைதா கிடையாது, கடைச் சரக்கு கிடையாது, எல்லாம் நானே செஞ்சது" என்று திறந்து காட்டினார். ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று உருளைக்கிழங்கு. நடுநடுவே சாமைச் சோறு, கொஞ்சம் கேரட். வெளியே ரஸ்க் தூள். பருப்பு என்று ஒரு பொட்டு கூட இல்லை.

மதியம் சாம்பார் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மூன்று, சாயங்காலம் டீயோடு மூன்று. புரட்டாசிக்கு முன்னால் தினமும் இரண்டு முட்டை, வாரத்தில் இரண்டு நாள் மீன், ஞாயிற்றுக்கிழமை கோழி என்று இருந்த தட்டு அது. அத்தனையும் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது கிழங்கும் தானியமும். அதாவது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இன்னொரு சோறு. சர்க்கரை ஏறியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் அந்த அம்மா அவ்வளவு மெனக்கெட்டுச் செய்து கொண்டுவந்திருந்தார். அவரிடம் அதைச் சொல்லும்போது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கறிக்குப் பதிலாக நிற்க வேண்டியது பருப்பு. தானியம் கறியின் இடத்துக்கு வராது, சோற்றின் இடத்துக்குத்தான் வரும். சாமையோ தினையோ குதிரைவாலியோ, எதுவாக இருந்தாலும் தானியம் தானியம்தான். நூறு கிராம் சாமையில் புரதம் சுமார் 10 கிராம், மாவுச்சத்து 65 கிராமை ஒட்டி. அரிசியைவிட இது பரவாயில்லை, நார்ச்சத்தும் கூடுதல். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இவை மறுபடியும் நம் சமையலறைக்கு வந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் 'சிறுதானியம்' என்று பெயர் வைத்துவிட்டாலே சர்க்கரை ஏறாது என்று நம்புவது ஆபத்து. கடையில் வெள்ளையாகத் தீட்டி விற்கும் சாமையில் மேல்தோல் போய்விடுகிறது, அதோடு நார்ச்சத்தின் பெரும் பங்கும் போய்விடுகிறது. வாங்கும்போது லேசான பழுப்பு நிறம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தானியத்தில் இன்னொரு குறையும் உண்டு. லைசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. பருப்பு, பயறுகளில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும்போதுதான் புரதம் முழுமையாகிறது. இட்லிக்கு உளுந்தும், பொங்கலுக்குப் பாசிப்பருப்பும், அடைக்கு மூன்று நான்கு வகைப் பருப்பும் சேர்த்த நம் பாட்டிகள் அமினோ அமிலம் படித்தவர்கள் இல்லை. ஆனால் சேர்த்தார்கள். கட்லெட் என்று பெயர் மாறியதும் நாம் மட்டும் ஏன் பருப்பை விட்டுவிட்டோம் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, அந்த அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த செய்முறையை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் பல தடவை செய்து, உடைந்து, திருத்தியது.

சாமை 100 கிராம், அதாவது அரை கப். கறுப்புக் கொண்டைக்கடலை 60 கிராம், முதல் நாள் இரவே ஊறவைத்தது. பொட்டுக்கடலையைப் பொடித்த மாவு 25 கிராம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் பொடியாக நறுக்கி ஒரு கப். வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், மல்லித்தழை. சோம்பும் இரண்டு கிராம்பும் ஒரு துண்டு பட்டையும் வறுத்துப் பொடித்தது. 'கறி மணம்' என்று நாம் ஏங்குவதில் பாதி இந்த மசாலாவின் மணம்தான். இதைச் சேர்த்தால் வீட்டில் முணுமுணுப்பு குறையும்.

மைதாவும் கிழங்கும் இல்லாமல் எப்படிப் பிடிக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். செட்டிநாட்டுப் பக்கம் கோலா உருண்டைக்கு என்ன போடுகிறார்கள்? பொட்டுக்கடலை மாவுதான். கொத்துக்கறியையே பிடித்து வைக்கிற மாவு, சாமையைப் பிடிக்காதா? கூடவே புரதமும் கொடுக்கிறது. ரஸ்க் தூளில் அந்த அளவுக்குக் கிடைக்காது.

சாமையை ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்து வேகவைத்து, தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். சூட்டோடு பிசைந்தால் களி மாதிரி ஆகிவிடும். ஆறினால் ஸ்டார்ச் இறுகி, உருண்டை தானாகவே நிற்கும். கொண்டைக்கடலையை குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, விரலால் நசுக்கினால் மசியும் பதத்துக்கு எடுத்து, தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் விழுதாக அரைக்க வேண்டாம். பாதி மசிந்தும் பாதி முழுதுமாக இருந்தால்தான் கடிக்கும்போது வாயில் ஏதோ தட்டுப்படும். காய்களையும் வெங்காயத்தையும் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஈரம் வற்றும் வரை வதக்குங்கள். கட்லெட் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் காயின் தண்ணீர்தான், மாவு குறைவது இல்லை. உப்பைக் கடைசியில் போடச் சொல்வதும் இதற்காகவே. முதலிலேயே போட்டால் காய் தண்ணீர் விடும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு ஒரு எலுமிச்சை அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தட்டிப் பாருங்கள். ஓரத்தில் விரிசல் விட்டால் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மறுபடி தட்டுங்கள். கையில் அப்பிக்கொண்டால் இன்னும் ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவு. ஓரம் வழவழப்பாக வந்தால் பதம் சரி. அரை அங்குல கனத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் சூடு ஏறாது. தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு தீயைக் குறைத்து, ஓரத்தில் எண்ணெய் விட்டு, நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் அடி கல்லிலேயே நின்றுவிடும். அடி சிவந்ததும் தோசைத் திருப்பியைக் கொடுத்தால் அதுவே கிளம்பி வரும்.

எண்ணெயில் பொரிக்கலாமா என்று கேட்பார்கள். ஒரு தடவை நானே அளந்து பார்த்தேன். பத்து கட்லெட் பொரிப்பதற்கு முன்பும் பின்பும் எண்ணெயை அளந்ததில் சுமார் 50 மில்லி குறைந்திருந்தது. ஒரு கட்லெட்டுக்கு ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் நான்கு கட்லெட்டுக்கே இரண்டு தேக்கரண்டி போதும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதில்தான் எனக்குப் பெரிய கவலை. உணவகங்களுக்கு 2018-லிருந்து இதற்கு ஒரு வரம்பு உண்டு. எண்ணெயில் சேரும் கெட்டுப்போன பொருட்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் அதை அளக்கிற கருவி யாரிடம் இருக்கிறது? நிறம் கறுத்து, நுரை கட்டி, சீக்கிரமே புகைய ஆரம்பித்தால் கொட்டிவிடுங்கள்.

மேலே சொன்ன அளவில் பத்து கட்லெட் வரும். மொத்தப் புரதம் சுமார் 26 கிராம். நான்கு சாப்பிட்டால் 10 கிராம் சொச்சம். இரண்டு முட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் பக்கத்தில் வருகிறது. மாவுச்சத்து நான்கில் 40 கிராம் போல. கிட்டத்தட்ட ஒரு கப் சோறு. ஆகவே நான்கு கட்லெட் சாப்பிடுகிற வேளையில் சோறு வேண்டாம். ஒரு கிண்ணம் தயிர்ப் பச்சடி, கீரைப் பொரியல், வேண்டுமானால் ரசம் ஒரு டம்ளர். அத்தோடு போதும். கட்லெட்டே சாப்பாடு. இதைத்தான் என் அறையில் நான் அதிகமாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இதைத்தான் வீட்டுக்குப் போனதும் முதலில் மறக்கிறார்கள்.

புரதம் இன்னும் வேண்டும் என்பவர்கள் 30 கிராம் மீல்மேக்கரைக் கொதிநீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, உதிர்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். அதிலேயே 15 கிராம் புரதம் வந்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. அறுபது கிலோ இருப்பவருக்கு 50 கிராம். அதில் எவ்வளவு இந்தத் தட்டிலிருந்து வருகிறது என்று ஒரு தடவை கூட்டிப் பாருங்கள்.

பரிமாறும்போது எலுமிச்சை பிழியுங்கள், அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், டீ இரும்பைத் தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து, வயிற்றைக் கெடுக்கும் மூன்று விஷயங்கள். முதலாவது ராஜ்மா. மசால் வடைக்குக் கடலைப்பருப்பை ஊறவைத்து அரைப்பது போல ராஜ்மாவையும் பச்சையாக அரைத்துக் கல்லில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சு உண்டு. இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுக்கவைத்துவிடும். கல்லின் சூடு அதை அழிக்காது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டோ குக்கரிலோ முழுதாக வேகவைத்த பிறகுதான் கட்லெட்டுக்கு எடுக்க வேண்டும்.

இரண்டாவது, வேகவைத்த தானியத்தை மேடையிலேயே மணிக்கணக்கில் விடுவது. சோறு, சாமை எதிலும் இருக்கக்கூடிய பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சு விடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். தட்டி வைத்த கட்லெட் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம் நிற்கும்.

மூன்றாவது, பூஞ்சை பிடித்த வரகு. அறுவடை நேரத்தில் மழையில் நனைந்த வரகில் ஒரு வகைப் பூஞ்சை வளர்ந்து நச்சை உண்டாக்கும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் செத்தது இப்படிப்பட்ட வரகை மேய்ந்துதான். நல்ல வரகைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மக்கிய வாடை அடித்தாலோ, கறுப்பு படர்ந்திருந்தாலோ, கழுவிப் பயன்படுத்தலாம் என்று நினைக்காமல் தூக்கிப் போடுங்கள்.

செய்ய நேரமில்லாமல் உறைந்த பாக்கெட் வாங்குகிறவர்கள், முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானங்கள் எடையின் வரிசையில்தான் அச்சிடப்பட்டிருக்கும். 'மில்லட் பேட்டி', அதாவது சிறுதானியக் கட்லெட் என்று பெயர் போட்டு, பட்டியலில் உருளைக்கிழங்கு முதலிலும் சிறுதானியம் ஐந்தாவதாகவும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். சோடியம் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிறுநீரகம் பாதித்தவர்கள் இந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பருப்பில் இருக்கும் புரதமும் பொட்டாசியமும் அவர்களுக்குத் தனிக் கணக்கு. அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்குச் சிறுதானியம் வரப்பிரசாதம், ஆனால் பெருங்காயத் தூளைக் கவனியுங்கள். பல தூள்களில் கோதுமை மாவு கலந்திருக்கும். அதனால் என் செய்முறையில் பெருங்காயமே இல்லை. ஆயுசுக்கும் அசைவத்தை விடுகிறேன் என்பவர்களுக்கு இன்னொரு சேதி: பி12 எந்தத் தானியத்திலும் பருப்பிலும் கிடையாது. பால், தயிர் சேர்த்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், அந்த மாத்திரையே பி12-ஐக் குறைக்கக்கூடியது.

அந்த அம்மா தை மாதம் மறுபடி வந்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.1-லிருந்து 7.4-க்கு இறங்கியிருந்தது. இடையில் மாத்திரையின் அளவையும் மருத்துவர் மாற்றியிருந்தார், ஆகவே எல்லாம் கட்லெட்டால்தான் என்று சொல்லமாட்டேன். அதே எவர்சில்வர் டப்பா. இந்தத் தடவை நான் கை வைப்பதற்கு முன்னால் அவரே ஒன்றைப் பிட்டு நீட்டினார். நடுவில் இரண்டு முழுக் கொண்டைக்கடலை தெரிந்தது. "இப்ப மதியம் சோறு வைக்கிறதில்ல மேடம். ஆனா அவருக்கு மட்டும் ஒரு கை வைக்க வேண்டியிருக்கு" என்றார். "அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.