8,447 எப்படி 9,000 ஆனது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மேசை மேல் கிடந்த எடைச் சீட்டில் 8,447 கிலோ என்று இருந்தது. நான்காம் ஆண்டு படிக்கும் அக்கா மகளிடம் அதைக் கிட்டிய ஆயிரத்துக்கு மாற்றச் சொன்னேன்.

"ஒன்பதாயிரம், மாமா."

எப்படி என்று கேட்டேன். "கடைசியில 7 இருக்கு, அதனால 8,450. அப்புறம் 5 இருக்கு, அதனால 8,500. மறுபடியும் 5, அதனால 9,000."

ஒவ்வொரு படியிலும் பள்ளியில் சொல்லித் தந்த விதியைத்தான் பிடித்திருக்கிறாள். ஆனாலும் விடை 8,000. ஒரு கோடு போட்டு, இந்த முனையில் 8,000, அந்த முனையில் 9,000 என்று எழுதினேன். நடுவில் 8,500. நம் லாரி 8,000-லிருந்து 447 கிலோ தள்ளி நிற்கிறது. 9,000-ஐத் தொட இன்னும் 553 கிலோ வேண்டும். எது பக்கம்? கிட்டிய மதிப்பு என்பது இவ்வளவுதான். ஆயிரத்துக்கு மாற்றும்போது நூறின் இடத்தை மட்டும் பார்ப்பதும் இதனால்தான்: எண் நடுப்புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அந்த ஓர் இலக்கமே சொல்லிவிடும். இங்கே அது 4. சீட்டில் இல்லாத 3 கிலோவை முதல் படியில் சேர்த்ததால் வந்ததுதான் 8,450-இல் இருக்கும் அந்த 5. அதை நிஜமென்று நம்பி ஏறியதில் ஒரு டன் கூடிவிட்டது. பத்து, நூறு, ஆயிரம், எதற்கு மாற்றினாலும் மூல எண்ணிலிருந்து ஒரே தாவலில் போக வேண்டும்: 8,450, 8,400, 8,000.

சரியாக நடுவில் நிற்கும் 8,500-ஐ என்ன செய்வது? இரண்டு பக்கமும் ஒரே தூரம். மேலே தள்ளுவது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். நிறைய எண்களை இப்படித் தள்ளிக் கூட்டினால் மொத்தம் கொஞ்சம் உப்பும். கணினிகளின் இரும மிதவைப்புள்ளிக் கணக்குக்காக (0, 1 மட்டும் கொண்டு பின்ன எண்களையும் கணக்கிடும் முறை) 1985-இல் வந்த ஐஈஈஈ 754 தரம், நடுவில் விழுவதை, எஞ்சும் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக வரும் பக்கம் அனுப்புவதையே இயல்பு முறையாக வைத்தது.

நம் மளிகைக் கடை ரசீதில் இந்தச் சிக்கலே கிடையாது என்பது எனக்குப் பிடித்த விஷயம். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையைக் கிட்டிய 5 காசுக்கு மாற்றுகிறார்கள். 1, 2 காசு கீழே இறங்கும். 3, 4 மேலே ஏறும். 6, 7, 8, 9-க்கும் அதே போல. நடுப்புள்ளி இரண்டரைக் காசு, அதில் எந்த முழுக் காசும் விழாது. கடைக்காரருக்கு இரண்டு, நமக்கு இரண்டு.

இங்கேயும் ஒரே தாவல்தான். 1.98 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள சாமான் மூன்று வாங்கினால் 5.94; கட்ட வேண்டியது 5.95. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றியிருந்தால் 6 வெள்ளி ஆகியிருக்கும்.

மறுநாள் கடையிலிருந்து வந்தவள் ரசீதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் ஓடிவந்தாள். மொத்தத்துக்குக் கீழே 'ரவுண்டிங் 0.01' என்ற வரியில் விரல் வைத்திருந்தாள்.