ரங்கூனில் ஒரு சாலையைக் கடக்க எத்தனை விநாடி வேண்டும்?

ஆறு தடங்கள் கொண்ட ஒரு நகரச் சாலை. தடம் ஒன்றுக்கு 3.5 மீட்டர் என்றால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு 21 மீட்டர். சாதாரணமாக நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார், கடக்க 17.5 விநாடி ஆகும். அனோரத்தா சாலையில் காளியம்மன் கோவிலுக்கு வெள்ளிக்கிழமை வரும் மூட்டுவலிப் பாட்டிக்கு 0.9 மீட்டர்தான் வாய்க்கும். அவருக்கு 23 விநாடி. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் 17.5 விநாடியில் 243 மீட்டர் வந்துவிடும். ஆக, சிக்னல் இல்லாத இடத்தில் காலை எடுத்து வைக்கும்முன், கால் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வண்டியின் வேகத்தை நாம் சரியாகக் கணித்தாக வேண்டும். பாட்டியோ 320 மீட்டருக்கு அப்பால் பார்க்க வேண்டும்.

மனிதக் கண்ணால் அது முடியாது. நேராக நம்மை நோக்கி வரும் பொருளின் வேகத்தை, அது கண்ணுக்குப் பெரிதாகிக்கொண்டே வருவதை வைத்துத்தான் மூளை கணிக்கிறது. தொலைவில் இருக்கும்போது அந்த மாற்றம் மிகச் சிறியது. வண்டி நின்றுகொண்டிருப்பது போலவே தோன்றும். கிட்டே வந்ததும் திடீரென ஊதிப் பெருக்கும். 'பார்த்து வரக் கூடாதா?' என்று அடிபட்டவரைத் திட்டுவது எளிது. அவர் பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருப்பார்.

சாலை வடிவமைப்பாளர் கையில் இருப்பவை இரண்டு எண்கள்: வண்டியின் வேகம், ஆள் வண்டிப்பாதையில் இருக்கும் நேரம். மேலே சொன்ன சாலையில் தடத்தை 3 மீட்டராகக் குறுக்கி, ஆறை நான்காக்கி, நடுவே 2 மீட்டர் அகலத் திட்டு ஒன்றைப் போட்டால், ஒரே மூச்சில் கடக்க வேண்டியது 6 மீட்டர்தான். அதற்கு 5 விநாடி. வண்டியின் வேகம் 30 ஆக இருந்தால் அந்த 5 விநாடியில் அது வருவது 42 மீட்டர். 243 எங்கே, 42 எங்கே! அதுவும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும்.

வேகத்தின் கணக்கு இதைவிடக் கொடுமையானது. எதிரே ஆள் இருப்பதைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி பிடிக்கும். 30 கி.மீ. வேகத்தில் அதற்குள் 12.5 மீட்டர் ஓடி, பிறகு காய்ந்த சாலையில் சுமார் 5 மீட்டர் இழுத்து, 17 அல்லது 18 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50இல் வருபவர் பிரேக்கில் கால் வைக்கும்முன்பே 21 மீட்டர் கடந்திருப்பார். 18 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை ஓடிவந்தால், முதல் வண்டி தொடாமல் நிற்கும். இரண்டாவது வண்டி துளியும் வேகம் குறையாமல் மோதும். ரங்கூன் மழையில் சாலை நனைந்திருந்தால் 50இல் வரும் வண்டி நிற்க 45 மீட்டர் வேண்டும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், 50இல் விழும் அடி 30இல் விழுவதைப் போல 2.8 மடங்கு. ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் நில்சன் விபத்துத் தரவுகளிலிருந்து எடுத்த விதிப்படி, உயிரிழப்பு விபத்துகள் சராசரி வேகத்தின் நான்காம் அடுக்கில் மாறுகின்றன. சராசரி வேகம் 5 விழுக்காடு குறைந்தாலே அவை ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும். ஆளும் வண்டியும் கலக்கும் தெருக்களுக்கு 30 கி.மீ.தான் உச்சம் என்று, சாலைப் பாதுகாப்புக்கான உலக மாநாட்டில் வெளியான 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னது இந்தக் கணக்கால்தான்.

ஆனால் '30' என்று பலகை நட்டால் யாரும் 30இல் போவதில்லை. அகலமான, நேரான, ஓரத்தில் எதுவும் இல்லாத சாலையில் கால் தானாக அழுத்தும். நெடுஞ்சாலைக்குரிய 3.5, 3.7 மீட்டர் தடங்களை ஊருக்குள் கொண்டுவந்தது பெரும் பிழை. கார்களுக்கு 3 மீட்டர் போதும். பேருந்துத் தடத்துக்கு 3.3. தெருமுனை வளைவும் அப்படித்தான். நடைபாதை விளிம்பின் ஓரக்கல் 10, 12 மீட்டர் ஆரத்தில் வளைந்தால் கார் வேகம் குறைக்காமல் வழித்துத் திரும்பும். ஆரத்தை 3, 4 மீட்டராக ஒடுக்கினால் 15 கி.மீ. அளவுக்கு இறங்கித்தான் திரும்ப முடியும். கடக்கும் தூரமும் சுருங்கும். 'பஸ் எப்படித் திரும்பும்?' என்ற கேள்வி உடனே வரும். குறுக்குத் தெருவின் நிறுத்தக்கோட்டைச் சில மீட்டர் பின்னுக்குத் தள்ளினால், நாளுக்குச் சில தடவை வரும் பெரிய வண்டி எதிர்த் தடத்தில் கொஞ்சம் ஏறித் திரும்பிக்கொள்ளும். அந்தச் சில தடவைக்காக நாள் முழுக்கக் கார்களைப் பறக்கவிடுவதில் நியாயம் இல்லை.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். பர்மாவுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. 1970இல் நாடு இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் அதன் பிறகு பல பத்தாண்டுகளாக வந்து குவிந்தவை ஜப்பானின் பழைய கார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. ஓட்டுநர் சாலையின் நடுக்கோட்டுக்கு அருகே உட்கார வேண்டியவர். இங்கே ஓரக்கல்லை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். முன்னே போகும் பஸ்ஸை முந்தலாமா என்று பார்க்கவே அவர் முழு வண்டியையும் எதிர்த் தடத்துக்குள் நீட்ட வேண்டும். 2017இல் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளின் இறக்குமதிக்குத் தடை வந்தது என்றாலும், ஏற்கெனவே ஓடுபவை மறைந்துவிடவில்லை.

பலர் கவனிக்காதது ஹெட்லைட். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த விளக்கு, தாழ்த்திய நிலையிலும் ஒளியை இடது ஓரத்துப் பக்கம் சற்றே உயர்த்தி அடிக்கும். ஜப்பானில் நடைபாதை அங்கேதான் இருக்கிறது. அதே வண்டி வலப்பக்கம் ஓடும்போது அந்த உயர்ந்த கதிர் எதிரே வருபவரின் கண்ணில் பாய்கிறது. மக்கள் நடக்கும் வலது ஓரமோ இருட்டில் கிடக்கிறது. மின்தடை இரவில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கை மாற்றுவதே முழுத் தீர்வு. அதுவரை கடக்கும் இடத்திலாவது தெருவிளக்கு எரிய வேண்டும். அந்தக் கம்பத்தையும் கடக்கும் இடத்துக்கு நேராக நடக் கூடாது. வண்டி வரும் திசையில் 3 மீட்டர் போல முன்தள்ளி நட்டால்தான், ஓட்டுநரைப் பார்க்கும் பக்கத்தில் ஆள் மேல் வெளிச்சம் விழும். தலைக்கு மேலே அல்லது பின்னே எரியும் விளக்கு ஆளை வெறும் கரிய நிழலாக்கும்.

பேருந்துக் கதவும் இதே கதைதான். ஜப்பானில் செய்த பழைய பஸ்ஸின் கதவு இடப்பக்கம். இங்கே அது நடுச்சாலையில் திறக்கும். இறங்குபவர் நேரே வண்டிகளுக்கு நடுவே காலை வைப்பார். பல பஸ்களில் வலப்பக்கம் வெட்டிக் கதவு வைத்தார்கள். 2017 ஜனவரியில் பழைய பஸ் வழித்தடங்களைக் கலைத்து ஒய்.பி.எஸ். (யாங்கோன் பஸ் சர்வீஸ்) என்ற புதிய நகரப் பஸ் சேவை தொடங்கி, வலப்பக்கக் கதவுள்ள புதிய பஸ்கள் வந்தபின் நிலைமை மாறியது. கதவைவிட முக்கியமான ஒன்று கூலிமுறை. ஓட்டுநர், கண்டக்டர் வருமானம் ஏறும் தலைகளைப் பொறுத்து இருக்கும்வரை, அடுத்த நிறுத்தத்துக்கு முதலில் பாய்வதே பிழைப்பு. எந்த வேகத்தடையும் அதை நிறுத்தாது.

நிறுத்தத்தை எங்கே வைப்பது? சந்திப்பைத் தாண்டிய பக்கத்தில். சந்திப்புக்கு முன்னால் நின்றால், இறங்கியவர்கள் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் கடப்பார்கள். பஸ்ஸைச் சுற்றிவரும் காருக்கு அவர்கள் கடைசி நொடி வரை தெரிய மாட்டார்கள். தாண்டி நின்றால் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள். இன்னும் நல்லது, பார்க்கிங் வரிசையின் அகலத்துக்கு நடைபாதையை வெளியே நீட்டி, பஸ் தன் தடத்திலேயே நிற்கும்படி செய்வது. பஸ் ஓரம் ஒதுங்கி மறுபடி நுழையத் திணற வேண்டாம். காத்திருப்பவர்கள் நடப்பவர்களின் வழியை அடைக்க வேண்டாம்.

ஜீப்ரா கோட்டில் இதே மறைவு வேறு உருவில் வரும். ஒரு திசையில் இரண்டு தடம். ஓரத் தடத்துக் கார் மரியாதையாக நிற்கிறது. அதை நம்பி நாம் நடக்க, நின்ற காரை முந்திக்கொண்டு அடுத்த தடத்தில் இன்னொன்று வருகிறது. நல்ல மனசோடு நின்றவரே நம்மை மறைத்துவிட்டார். நிறுத்தக்கோட்டை ஜீப்ராவுக்கு 6 முதல் 15 மீட்டர் முன்னால் போட்டால் இடையில் பார்வை கிடைக்கும். திசைக்கு ஒரே தடம் வைப்பது இன்னும் உறுதி. கோட்டுக்கு முன் 6 மீட்டருக்கு எந்த வண்டியும் நிறுத்தக் கூடாது என்பது செலவே இல்லாத விதி; ஒரு பூத்தொட்டி வைத்தால் போலீஸும் தேவையில்லை.

ஊரிலிருந்து வரும் உறவினருக்கு ஒரு வார்த்தை: இங்கே முதலில் இடப்பக்கம் பாருங்கள். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பும் தலை, வண்டி வராத பக்கத்தைத்தான் பார்க்கும்.

நடைமேம்பாலம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கு ஒரு படிக்கணக்கு. லாரிக்கு இடம் விட்டுத் தளம் 6 மீட்டர் உயரத்தில் நிற்கும், 15 செ.மீ. படி என்றால் ஏற 40, இறங்க 40. கூடையோடு வரும் பெண்ணும் பாட்டியும் அதில் ஏற மாட்டார்கள், கீழேதான் கடப்பார்கள். கடக்க யாரும் வரமாட்டார்கள் என்று நம்பி வண்டிகள் இன்னும் வேகமாக வரும். தரையில் கடக்க வழியில்லாத ரயில் பாதைக்கு மேம்பாலம் சரி. கடைத்தெருவுக்கு அது கார்களுக்குச் செய்த உபகாரம்.

இனி, நகர நடுவில் பெயருக்குப் பதில் எண்ணால் அழைக்கப்படும் குறுந்தெருக்கள். 1850களில் ஆங்கிலேய ஆட்சிக்காக மாண்ட்கோமரியும் பிரேசரும் வகுத்த கட்டத் திட்டத்தில் பெரிய சாலைகளுக்கு 100 அடியும் அதற்கு மேலும், குறுந்தெருக்களுக்கு 30 அடி. அதாவது 9.1 மீட்டர். இரு பக்கமும் 1.5 மீட்டர் நடைபாதை போனால் மீதி 6.1. இரு பக்கமும் 2 மீட்டர் அகலக் கார்கள் நின்றால் நடுவே 2.1 மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலம் சுமார் 2.5 மீட்டர். அது நுழையவே முடியாது! நாலைந்து மாடி, அடுக்கடுக்காக வீடுகள், தெருமுனையில் ஜெனரேட்டர். இதைவிடப் பெரிய சாலைப் பாதுகாப்புக் குறை நகர நடுவில் இல்லை என்பேன். தீர்வு ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங். அப்போது 4.1 மீட்டர் வழி கிடைக்கும். முப்பது, நாற்பது மீட்டருக்கு ஒரு தடவை பார்க்கிங்கைப் பக்கம் மாற்றினால் தெரு வளைந்து ஓடும், வேகத்தடை இல்லாமலே வண்டி மெல்லப் போகும். மாறும் இடத்தில் தீயணைப்பு வண்டி திரும்பும் அளவுக்கு வெற்றிடம் விட மறக்கக் கூடாது.

நடைபாதை வியாபாரிகளைத் துரத்துவது தீர்வாகாது. 2016 இறுதியில் நகர நடுச் சாலைகளின் கடைகளை ஆற்றோர ஸ்ட்ராண்ட் சாலை இரவுச் சந்தைக்கு மாற்றினார்கள். ஆனால் நடப்பவர் வாங்குவது நடக்கும் வழியில்தான். நடைபாதையை மூன்று பட்டையாகப் பார்க்க வேண்டும்: கட்டடத்தை ஒட்டி அரை மீட்டர், நடுவே எதுவும் வைக்கக் கூடாத 2 மீட்டர், ஓரக்கல் பக்கம் ஒன்றரை மீட்டரில் கடை, மரம், கம்பம், டீக்கடை முக்காலி. நடுப்பட்டைதான் உயிர். அது அடைபட்டால் ஆள் வண்டிப்பாதையில் இறங்குவார், ஜீப்ரா கோடு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

சைக்கிளுக்கு வருவோம். ரங்கூனில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. சைக்கிளும் பல பெரிய சாலைகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷாவை ஓட்டுபவர் குறுந்தெருக்களில் பிழைக்கிறார். 100 அடிச் சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை என்பது சாக்கு. 30.5 மீட்டரில் இரு பக்கமும் 4 மீட்டர் நடைபாதை, 2.2 மீட்டர் பார்க்கிங், 2 மீட்டர் சைக்கிள் பாதையும் 0.6 மீட்டர் இடைவெளியும், 3.3 மீட்டர் பஸ் தடம், 3 மீட்டர் கார் தடம் போட்டாலும் 30 செ.மீ. மிஞ்சும். நடுத்திட்டு வேண்டும் என்றால் கடக்கும் இடத்தில் பார்க்கிங்கை எடுத்து அங்கே சேர்க்கலாம். சைக்கிள் பாதை பார்க்கிங்குக்கும் நடைபாதைக்கும் இடையில் வர வேண்டும், அந்த 0.6 மீட்டர், திறக்கும் கார்க் கதவுக்காக.

மழைதான் இவை எல்லாவற்றையும் சோதிப்பது. நடைபாதைக் கற்பலகைக்குக் கீழே ஓடுவது வடிகால். ஒரு பலகை உடைந்தால், வெள்ளம் மூடிய நாளில் அது கண்ணுக்குத் தெரியாத குழி. பலகையை ஒருவர் தூக்கிச் சுத்தம் செய்யும் எடையில், கைப்பிடித் துளையோடு வார்க்க வேண்டும்; தூக்க முடியாத பலகையைக் கடப்பாறையால் நெம்பித்தான் மூலை உடைகிறது. மேடான ஜீப்ராவை நடைபாதை மட்டத்துக்கு 10 செ.மீ. வரை உயர்த்தலாம், ஆனால் ஓரக்கல்லை ஒட்டித் தண்ணீர் போக வழி விடாவிட்டால் அது அணையாகிவிடும். அந்த வழிக்குப் போடும் இரும்புச் சட்டத்தின் கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்கே இருக்கட்டும். நீளவாக்கில் இருந்தால் டயர் இறங்கும். வெள்ளைக் கோட்டில் சொரசொரப்புத் துகள் கலக்காவிட்டால் ஈரத்தில் செருப்பும் டயரும் சறுக்கும்.

எதையும் கான்கிரீட்டில் முதலில் செய்ய வேண்டாம். பெயிண்ட், பூத்தொட்டி, மணல் மூட்டை வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அளப்பது சுலபம். சாலை ஓரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு; போனில் ஸ்டாப்வாட்ச். 6 விநாடி என்றால் 30 கி.மீ., 3.6 விநாடி என்றால் 50. நெரிசல் இல்லாத நேரத்தில், முன்னே வேறு வண்டி மறிக்காத 100 வண்டிகளை அளந்து வேக வரிசையில் அடுக்குங்கள்; மெதுவானதிலிருந்து 85ஆவது வண்டியின் வேகம்தான் அந்தச் சாலையின் உண்மையான வேகம். அளக்கிறவர் கண்ணில் படும்படி நின்றால் ஓட்டுநர்கள் மெதுவாவார்கள், ஆகவே கடை நிழலில் நில்லுங்கள். மாற்றம் செய்த முதல் வாரத்துக் கணக்கை நம்ப வேண்டாம். மூன்று மாதம் கழித்து, புதுமை பழகிய பிறகு, அதே இடத்தில் அதே நேரத்தில் மறுபடி அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.