வயிற்று நோய்க்கு அரசு தருவது என்ன? அட்டைக்கு முன்னால் ஒரு சீட்டு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு மாதக்கணக்கில் நெஞ்செரிச்சல். "அந்த அட்டையைக் காட்டினால் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) எடுப்பார்களா?" என்று திருநெல்வேலிப் பக்கம் பலரும் கேட்கிறார்கள். கேள்வி தலைகீழாக இருக்கிறது. அட்டைக்கு வேலை வருவது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெறும்போதுதான். அதற்கு முந்தைய கட்டம் வெளிநோயாளி சீட்டு. அரசு மருத்துவமனையில் அந்தச் சீட்டு வாங்க அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். அட்டை இல்லையே என்று வலியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

அடுத்தது, அரசு தானாகத் தேடி வந்து எதைப் பரிசோதிக்கிறது என்பது. 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தம், சர்க்கரையோடு மூன்று புற்றுநோய்களுக்கான பரிசோதனையும் உண்டு: வாய், மார்பகம், கருப்பை வாய். உணவுப் பாதையில் இந்தப் பட்டியலுக்குள் வருவது வாய் ஒன்றுதான். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் கூச்சப்படாமல் வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றை டார்ச் வெளிச்சத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அதற்குக் கீழே உள்ள உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடலுக்கு வீடு வீடாக வரும் பரிசோதனை கிடையாது. அறிகுறியை நாமே வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

நாம் சொல்வது மருத்துவரிடம் அல்ல, மருந்துக் கடையில். "கேஸ் மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்டால் ஒமிப்ரசோலோ பான்டோபிரசோலோ கைக்கு வந்துவிடுகிறது. இவை நல்ல மருந்துகள்தான். ஆனால் இரைப்பைப் புண்ணின் எரிச்சலைத் தணிப்பதைப் போலவே, இரைப்பைப் புற்றுநோயின் தொடக்க அறிகுறிகளையும் இவை சில காலம் மூடி மறைத்துவிடக்கூடும். நேற்று ராத்திரி சாப்பிட்ட புரோட்டா, சால்னா மேல் பழியைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் ஏராளம். மூட்டு வலிக்கும் உடம்பு வலிக்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளைத் தினமும் போடுகிறவர்களுக்கு இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசிவதும் உண்டு. அதற்கும் புரோட்டாதான் குற்றவாளி!

ரத்தப்போக்கு என்றால் இன்னொரு சிக்கல். மலத்தில் ரத்தம் பார்த்தவுடன் மூலம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். 'மூலம், பவுத்திரம், கத்தியின்றி' என்று பேருந்து நிலையச் சுவர்களில் எழுதியிருப்பதைப் படித்தே வளர்ந்தவர்கள் நாம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் அதே ரத்தத்தைத்தான் காட்டும். 45 வயதுக்கு மேல் மலம் கழிக்கும் பழக்கம் திடீரென மாறுவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விழுங்கும்போது தொண்டையிலோ நெஞ்சிலோ அடைப்பது, கருப்பாக மலம் போவது (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும்), ரத்த வாந்தி ஆகியவற்றுக்கு மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. ரத்த வாந்தி என்றால் சீட்டு வரிசையும் வேண்டாம், 108 ஆம்புலன்ஸ்தான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்றுநோய் இருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே, குடல் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, அம்பாசமுத்திரம், தென்காசி போன்ற அரசு மருத்துவமனைகள் வழியாக, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைவரை பரிந்துரைச் சீட்டு போகும். அங்கே இரைப்பை, குடல் நோய்களுக்குத் தனித்துறை இருக்கிறது. நேராக அங்கே போகவும் தடையில்லை. காலையிலேயே போய்விட வேண்டும், அவ்வளவுதான். பழைய சீட்டுகள், ஸ்கேன் தாள்கள், சாப்பிட்டு வரும் மாத்திரையின் காலி அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் புரியாது.

எண்டோஸ்கோப்பி என்றதும் நிறையப் பேர் பயந்துகொண்டு வராமல் இருந்துவிடுகிறார்கள். முந்தைய இரவோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் போக வேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடிப்பார்கள்; கசக்கும், எச்சில் விழுங்கச் சிரமமாக இருக்கும். இடதுபுறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பல் கடிக்காமலிருக்க வாயில் ஒரு வளையம் வைத்து, விரல் கனத்தில் உள்ள குழாயை இறக்குவார்கள். குமட்டும், மூக்கால் மூச்சு விட்டால் அடங்கும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தொண்டை மரத்திருக்கும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது. பெருங்குடலைப் பார்க்கும் கொலோனாஸ்கோப்பியில் குழாயைவிட, முந்தைய நாள் வயிற்றைக் காலி செய்யக் கொடுக்கும் பேதி மருந்துதான் பாடு.

கல்லீரலுக்கு மட்டும் தனி உரிமை ஒன்று இருக்கிறது. பெரிதாக விளம்பரமில்லாததால் பலருக்கும் தெரிவதில்லை. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வருமான வரம்பு இல்லை. சி வகை பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டாலே குணமாகிவிடும். பி வகைக்கு நீண்டகால மருந்து தேவைப்படலாம். ஆனால் கல்லீரல் சுருங்குவதையும் புற்றுநோய்க்குப் போவதையும் பெருமளவு தடுக்கலாம். 2002க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், வீட்டில் ஒருவருக்கு பி வகை இருப்பவர்கள் கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டிய ரத்தப் பரிசோதனை இது. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் தடுப்பூசியும் பி வகையைத் தடுக்கத்தான்.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் ஊர் வழக்கம். சித்த மருத்துவமே வேண்டும் என்பவர்களுக்கு 1964 முதல் இயங்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே குறையும். பத்தியத்துக்குப் பெயர் கிடைத்துவிடும். ஆனால் பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தாலும் கண் மஞ்சளாகத்தான் இருக்கும். எது எதுவென்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும். கர்ப்பிணிக்குக் காமாலை கண்டால் நாள் கடத்தவே கூடாது.

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பீடித் தொழிலாளர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பு நடத்தும் முக்கூடல் மருத்துவமனையையும் மருந்தகங்களையும் பயன்படுத்தலாம்.

இனி காப்பீட்டு அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம்; தென்காசி, தூத்துக்குடிக்காரர்களுக்கு அவரவர் ஆட்சியர் அலுவலகம். குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை. கல்லீரல் மாற்று போன்ற உயர் சிகிச்சைகளுக்கு அதற்கு மேலும் தொகுப்பு நிதியிலிருந்து வழங்கப்படுகிறது. சில அறுவை சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. தனியார் மருத்துவமனையில் சேரும் முன் உங்கள் சிகிச்சைக்கு அங்கே திட்டம் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன் அனுமதியை மருத்துவமனையே இணையவழி வாங்க வேண்டும். அனுமதி வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம்.

பெரும்பாலும் இடறுவது பெயரில்தான். கல்யாணமாகிப் போன மகளின் பெயர் அம்மா வீட்டுக் குடும்ப அட்டையிலேயே இருக்கும்; கணவர் வீட்டுக் காப்பீட்டில் அவருக்கு இடமிருக்காது. ஆதாரில் ஒரு எழுத்து, குடும்ப அட்டையில் ஒரு எழுத்து என்றிருக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போதே இவற்றைச் சரிசெய்து வைத்தால் மருத்துவமனையிலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடும் அலைச்சல் இல்லை. எண்டோஸ்கோப்பியின்போது சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால், முடிவு வரச் சில நாட்கள் ஆகும். வலி குறைந்துவிட்டது என்று அந்தத் தாளை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் சிகிச்சைக்கான முன் அனுமதிக்கு முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.