டயருக்குள் ஒரு ரப்பர் மரம்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். மலைச் சைக்கிளுக்கு டியூப்லெஸ் டயர் வாங்கி, வீட்டு முற்றத்தில் வைத்துத் தானே மாட்டியிருக்கிறார். அரை மணி நேரம் பம்பு அடித்தும் காற்று நிற்கவில்லை. டயரில் ஓட்டை இல்லை, பிறகு காற்று எங்கே போகிறது என்பது முதல் கேள்வி. உள்ளே ஊற்றுவதற்குக் கடையில் கொடுத்த வெள்ளைத் திரவத்தில் ரப்பர் பால் சேமிக்கும் பீப்பாயின் நெடி அடிக்கிறதே, அது என்ன என்பது இரண்டாவது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். முதலாவதை விரைவாக முடித்துவிடுகிறேன்.

டியூப் உள்ள சக்கரத்தில் காற்றைப் பிடித்துவைப்பது டியூப். டயர் அதற்குச் சட்டை. டியூபை எடுத்துவிட்டால் டயரும் ரிம்மும் சேர்ந்து ஒரு மூடிய பாத்திரமாக வேண்டும். ஆரக்கம்பித் துளைகளை ரிம் டேப் மூடிவிடும். வால்வின் அடியில் இருக்கும் ரப்பர் குமிழ் தன் துளையை அடைத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது ‘பீட்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் டயரின் இரு விளிம்புகள். இழுத்தாலும் நீளாத இழை அவற்றுக்குள் ஓடுகிறது.

ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. இரு ஓரங்களிலும் திண்ணை போல மேடு. டயரை மாட்டும்போது பீட்டைப் பள்ளத்தில் இறக்கிவைத்தால்தான் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். காற்றடிக்கும்போதோ அதே பீட் திண்ணைக்கு ஏறியாக வேண்டும். ஏறும்வரை இடைவெளி திறந்தே கிடக்கிறது. மாணவரின் பம்பு கொடுக்கும் காற்று முழுவதும் அந்த வழியே போய்விடுகிறது. ஓட்டை வாளியை டம்ளரால் நிரப்ப முடியாது, குடத்தைக் கவிழ்க்க வேண்டும். காற்று ஒரேயடியாகப் புகுந்தால் பீட் வெளிப்பக்கம் தள்ளப்படும், இடைவெளி குறுகும், கசிவு குறையும், அதனால் அழுத்தம் இன்னும் ஏறும். எனவே வால்வின் உட்கருவை, அதாவது வால்வுக்குள் திருகியிருக்கும் சிறு பாகத்தைக் கழற்றிவிட்டு, பீட்டில் சோப்புத் தண்ணீர் தடவி, பஞ்சர் கடையின் கம்ப்ரசரில் காற்று பிடியுங்கள். ‘படார், படார்’ என்று இரண்டு சத்தம் கேட்டால் இரு பீட்டுகளும் திண்ணை ஏறிவிட்டன என்று பொருள். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தங்களில் எது குறைவோ அதைத் தாண்ட வேண்டாம். நம் ஊரில் எதற்கும் தேங்காய் எண்ணெயைத் தேடும் பழக்கம் உண்டு. இங்கே அதுவும் வேண்டாம். சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும். எண்ணெய் காயாது, ரப்பரையும் ஊறவைக்கும்.

இப்போது அந்த வெள்ளைத் திரவம். மாணவரின் மூக்கு பொய் சொல்லவில்லை. சீலன்ட் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை ரப்பர் பால்தான். அது கெட்டியாகாமல் இருக்கச் சிறிது அமோனியா, எளிதில் உலராமல் இருக்க ஒரு கிளைக்கால் வகைத் திரவம், ஓட்டையில் சிக்கிக்கொள்ளப் பொடித் துகள்கள் ஆகியவை சேர்ந்திருக்கும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதன் வேதியியல் பாதி ஏற்கெனவே தெரியும். பாலாகவே விற்க வேண்டுமானால் அமோனியா விடுவார்கள். ஷீட் அடிக்க வேண்டுமானால் ஆசிட் விடுவார்கள். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்கள் ஒவ்வொன்றும் புரத உறை போர்த்தி, எதிர் மின்னூட்டம் தாங்கி, ஒன்றையொன்று விலக்கியபடி இருக்கின்றன. அமோனியா அந்த விலக்கத்தைக் காக்கிறது. அமிலம் அதைக் கெடுக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன.

ஆனால் மரத்துக்கு ஆசிட் ஊற்றுவது யார்? விடியுமுன் வெட்டிய பட்டையில் இரண்டு மூன்று மணி நேரம் பால் சொட்டுகிறது. பிறகு தானாக நின்றுவிடுகிறது. சிறுவயதில் தோட்டத்தில் இதைப் பார்த்து, பால் தீர்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். தீரவில்லை, மரம் அடைத்துக்கொண்டது. பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழல்களில் அதிகாலை அழுத்தம் சுமார் 10 வளிமண்டலம். பஞ்சர் கடைக் கணக்கில் ஏறக்குறைய 150 பவுண்டு. மலைச் சைக்கிள் டயருக்கோ 25 பவுண்டே தாராளம். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் அந்த அழுத்தம் இறங்கிவிடும். பால்வெட்டுக்காரர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே புறப்படுவதன் காரணம் இதுதான்.

அந்தப் பாலில் ரப்பர் துகள்களோடு லூட்டாய்டு எனப்படும் நுண்பைகளும் மிதக்கின்றன. பையின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது. உள்ளே மக்னீசியம், கால்சியம் அயனிகளும் ஹெவீன் என்ற சிறு புரதமும் அடைபட்டிருக்கின்றன. கத்தி பட்டதும் அழுத்தம் சட்டென்று விழுகிறது, பால் குழாய்ச் சுவர்களை உரசிக்கொண்டு விரைகிறது, பைகள் கிழிகின்றன. உள்ளிருந்த சரக்கு வெளியே கொட்ட, ஹெவீன் பாலம் போல நின்று ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று கோக்கிறது. கட்டி எழுந்து குழாயின் வாயை அடைக்கிறது. மரம் தன் ஆசிட்டைப் பைகளில் கட்டித் தன்னோடே வைத்திருக்கிறது! பைகள் உடைவது காயம் பட்ட இடத்தில் மட்டும். இதைவிடச் சிக்கனமான முதலுதவிப் பெட்டியை நான் கண்டதில்லை.

டயருக்குள் இருக்கும் பாலில் அந்தப் பைகள் இல்லை, பதப்படுத்தும்போதே போய்விடுகின்றன. அவற்றின் வேலையை ஓட்டையே செய்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் சீமைக் கருவேல முள் ஏறியதும் காற்று சீறுகிறது, பால் அந்த ஓட்டைக்குள் இழுபடுகிறது. பொடித் துகள்கள் குறுகிய வழியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சிக்குகின்றன. வெளியேறும் காற்று நீரையும் அமோனியாவையும் சேர்த்து இழுத்துப்போக, மிஞ்சிய ரப்பர் திரண்டு அடைப்பாகிறது. முதலில் வெள்ளைக் குமிழ், பிறகு ஈரப்பொட்டு, பிறகு ஒன்றுமில்லை.

புது வண்டிக்குப் பூசை போட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோமே, அது பஞ்சரைத் தடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் எலுமிச்சைச் சாற்றை ரப்பர் பாலில் விட்டால் பால் கண்முன்னே திரியும். சிட்ரிக் அமிலத்தின் வேலை. பழத்தை நசுக்குவதற்குப் பதிலாக அதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். கோட்டயத்தில் 1955 முதல் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. நல்ல மர ரகங்களைத் தந்தது. அதே அக்கறையும் பணமும் பாலிலிருந்து பொருள் செய்யும் ஆராய்ச்சிக்கும் குமரி மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆற்றாமை. தோட்டத்துப் பாலை எடைக்கு விற்றுவிட்டு, அதையே சின்னப் பாட்டிலில் பல மடங்கு விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

மாணவருக்கு மீண்டும்: பீட்டுகள் திண்ணை ஏறியதும் காற்றை இறக்கிவிட்டு, உட்கரு இல்லாத வால்வு வழியே 100 மில்லி அளவு சீலன்ட் ஊற்றுங்கள். உட்கருவைப் போட்டுக் காற்றடித்த பிறகு சக்கரத்தை ஒரு வாளியின் மேல் படுக்கவைத்து, இடையிடையே புரட்டிப்போடுங்கள். ஓரக் கசிவுகளையும் பால் தேடி அடைத்துவிடும். நம் வெயிலில் மூன்று நான்கு மாதத்தில் அது உலர்ந்துபோகும், மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும். அப்போது காற்று ஏற மறுத்தால் டயரைச் சந்தேகிக்காமல் வால்வின் உட்கருவைக் கழற்றிப் பாருங்கள். காற்று போய்வரும் இடமாயிற்றே, பால் அங்கேயும் திரண்டிருக்கும். சிரட்டையில் ஒட்டுப்பால் உரிப்பது போல நகத்தால் இழுத்தால் ஒரே இழையாக வந்துவிடும்.