‘பேச்சுக் கோளாறு’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

சென்ற வாரமும் அதே மாதிரி ஒரு டிக்கெட், அதாவது வார்ட்டில் நோயாளியின் விவரம் எழுதும் தாள். நோயறிதல் எழுத வேண்டிய இடத்தில் ‘பேச்சுக் கோளாறு’. அதன் கீழே ‘குழப்பமாகப் பேசுகிறார்’. இலங்கை மலையக வார்ட்டுகளில் வைத்தியருக்குத் தமிழ் தெரியாதது ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழ் தெரிந்தவர்களும் இப்படி எழுதுவதுதான் பேச்சுச் சிகிச்சையாளரான என்னை எரிச்சலூட்டுகிறது.

கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவிடம் கரண்டியைக் காட்டினேன். “சாவி” என்றார். உடனே முகத்தைச் சுளித்து, இல்லை இல்லை என்று தலையாட்டி, நெற்றியில் அடித்துக்கொண்டார். தவறு என்று அவருக்கே தெரிகிறது. கண்ணை மூடச் சொன்னால் மூடுகிறார். மகள் எங்கே என்றால் மகளின் கையைப் பிடிக்கிறார். இதுவா குழப்பம்? பக்கவாதத்தில் வரக்கூடிய, தெரிந்த சொல் வாய்க்கு வராத இந்த நிலைதான் அபேசியா. புத்தி பேதலிக்கவில்லை, பேயும் பிடிக்கவில்லை. சிலருக்குப் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் போய்விடும். பொருளில்லாமல் சரளமாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். ‘குழப்பம்’ என்ற முத்திரை அதிகம் விழுவது இவர்கள்மேல்தான். அது விழுந்துவிட்டால் அடுத்துப் பார்ப்பவருக்குப் பக்கவாதம் நினைவுக்கே வருவதில்லை.

நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10 இல் அபேசியா ஆர்47.0. சொல் சரியாக இருந்து, நாக்கும் உதடும் ஒத்துழைக்காமல் குழறினால் டிஸ்ஆர்த்ரியா, ஆர்47.1. குரல் மட்டும் அடைத்தால் ஆர்49. வளரும் பிள்ளைக்குப் பேச்சு பிந்தினால் எஃப்80. ‘ஏனையவை, குறிப்பிடப்படாதவை’ என்ற ஆர்47.8 ஒரு குப்பைக்கூடை; எல்லோரையும் அதில் போடுகிறோம். ஆர் வரிசை அறிகுறிகளுக்கானது. பக்கவாதம் உறுதியானால் அதன் குறியீடுதான் முதலில் வர வேண்டும். குறியீடு போடும் ஊழியரைத் திட்டிப் பயனில்லை, அவர் பார்ப்பது டிக்கெட்டை மட்டுமே.

ஆகவே, நோயாளி சொன்னதை அப்படியே எழுதுங்கள்: ‘கரண்டிக்குச் சாவி என்றார்’. புரிகிறதா, திருப்பிச் சொல்கிறாரா, எழுதுகிறாரா என்று பாருங்கள். எந்த மொழியில் சோதித்தீர்கள், யார் மொழிபெயர்த்தார் என்று ஒரு வரி சேருங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.

வீட்டாருக்கும் சொல்கிறேன். பேச்சு திடீரென்று குழறினாலோ நின்றாலோ 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்பதைச் சொல்லுங்கள். மணி தெரியாவிட்டால் காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும்போது) பேசினாரா, மத்தியானக் கொழுந்து நிறுவையில் பேசினாரா என்று சொன்னாலும் உதவும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நான்கரை மணி நேரமே அவகாசம். அதற்குள் மலைப்பாதையில் இறங்கி, ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். நாக்கில் வசம்பைத் தடவிவிட்டு விடியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.